காப்பு கட்டிய வாரத்தில் போட்ட ஊசி

நான் பத்தாவது வரை படித்தவள். மடுகரைப் பக்கம் ஆஷா ஒர்க்கராகப் பல வருடம் ஓடினேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்த ஒரு கேஸை எழுதுகிறேன்.

ஒரு பெண் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்ட உடம்பு. யாரையும் பார்க்காமல் மூலையில் நின்றாள்.

அவள் அம்மா செல்வி அழுதாள். “காத்து கருப்பு பட்டுடிச்சிக்கா. இன்னா சொன்னாலும் கத்துது, கையில கெடச்சத வீசுது. வெள்ளிக்கெழம மந்திரிக்கப் போறோம்.”

“மந்திரிச்சிக்கோ, நானும் வரேன். செவ்வாக்கெழம நீ என்கூட பெரியாஸ்பத்திரிக்கு வா.”

ரத்தம் பார்த்தார்கள், கையை எக்ஸ்ரே எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா செல்வியிடம் சொன்னார்: “புள்ளைக்கு வயசு ஏழு, எலும்புக்கு வயசு பத்து. பெரியவளாகுற ஹார்மோன் இப்பவே சுரக்குது. அதனால வர்ற கோவத்த இவளால தாங்க முடியல. அத அடக்கி வைக்க இருபத்தெட்டு நாளைக்கு ஒரு ஊசி. நாள் தப்பக் கூடாது.” கவுன்சலிங்குக்கும் எழுதினார்.

மூன்று ஊசி போயிற்று. கோபம் மெல்லத் தணிந்தது. நான்காவது ஊசிக்கான நாளை அட்டையில் குறித்த நான், எங்கள் மாரியம்மன் கோயில் செடல் திருவிழா எப்போது என்று பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. செல்வி மகளுக்காக நேர்ந்துகொண்டு பிள்ளையின் கையில் காப்பு கட்டிவிட்டாள். கட்டினால் செடல் முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஊசி நாளோ அதற்குள் வந்தது.

“இந்த ஒரு வாட்டி வுட்டுடுக்கா. ஆத்தா கோச்சிக்கினா எம்புள்ள தாங்காது.”

“நானுந்தான்டி காப்பு கட்டியிருக்கேன்” என்றேன். திட்ட வாய் வரவில்லை. அதே பயம் எனக்கும். மாரியம்மனை நினைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“தலதலயா அடிச்சிக்கிட்டேனேம்மா, நாள் தப்பக் கூடாதுன்னு!”

“புள்ளதான் எல்ல தாண்டக் கூடாது டாக்டரம்மா. ஊசி தாண்டலாம்ல?”

சிரித்துவிட்டார். ஊரிலேயே ஊசி போடக் கடிதம் எழுதி வைத்தார். எங்கள் ஊர் சப்சென்டர் சிஸ்டர் வில்லியனூரில் குடியிருப்பவர், காப்பு கட்டாதவர். அவரே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கடிதத்தையும் ஊசியையும் வாங்கி வந்தார். செல்வி மகளுக்கு விபூதி பூசி அழைத்து வந்தாள்.

“சீக்கிரம் போடு சிஸ்டர், தேர் கெளம்பிடும்” என்றாள் பிள்ளை.

பதினோரு வயதில் ஊசியை நிறுத்தினார்கள். பன்னிரண்டில் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு முதல் சீர்த் தட்டை என் கையில் கொடுத்தாள் செல்வி. அத்தனை வருடத்தில் பிள்ளைக்கு ஒரு ஊசி நாள்கூடத் தப்பவில்லை. இதை நான் எங்கும் தலை நிமிர்ந்து சொல்வேன். நீங்களும் அட்டையில் தேதி போடுமுன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.