ஏணிக்குக் கீழே ஒரு ஆள்

தலை நரைத்து, மகளுக்கே குழந்தை பிறந்த பிறகும் அவருக்குச் சின்ன பெயிண்டர் என்றுதான் பெயர். அப்பா பெரிய பெயிண்டர் உயிரோடு இருக்கும்போது பட்டம் எப்படி மாறும்?

ஊரில் பாதிச் சுவர்கள் இவர்கள் இருவரும் அடித்தவை. சின்னவர் ஏணியில் ஏறுவார், பெரியவர் அடியில் பிடித்துக்கொள்வார். மேலே இருப்பவன் தரையில் கால் வைக்கிற வரைக்கும் கீழே இருப்பவன் கையை எடுக்கக் கூடாது. "நீ ஏறு, நான் பிடிச்சிருக்கேன்" என்பார் பெரியவர். அப்புறம் மூக்கு மேல் ஈ உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டார்.

இப்போது பெரியவருக்கு மறதி. சாப்பிட்டதை மறந்தார், தெருவை மறந்தார். ஒருநாள் பெற்ற மகனையே பார்த்து, "தம்பி, நீங்க யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டார். ஆனால் கையில் எதையாவது கொடுத்துவிட்டால் போதும், வாளியோ குடையோ, அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். வெறுங்கையாக விட்டால் நடக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

பெருநகரத்து ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஆண் குழந்தை. துணைக்குப் போயிருந்த மனைவி போனில் கத்தினாள்.

"மாமாவை எதுக்குங்க இழுத்துட்டு வர்றீங்க? பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாங்க."

"கொஞ்ச நாள் போனா அவருக்கு யாரையுமே தெரியாது. ஞாபகம் ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே புள்ளையைக் காட்டிடறேன்."

"வழியில தொலைச்சுட்டு வந்து நிக்காதீங்க, அவ்வளவுதான்."

பஸ்ஸில் பெரியவர் துணிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்ன பெரியவரே, உள்ள தங்கமா?" என்று கண்டக்டர் சீண்டினார். பெரியவர் சிரிக்கக்கூட இல்லை.

நகரத்தில் இறங்கியபோது அவருடைய விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. சின்னவருக்கு மனசு கேட்கவில்லை. "கொடுங்கப்பா, கொஞ்ச நேரம் கையை ஆத்துங்க" என்று பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று விசாரணை ஜன்னலில் கேட்டுவிட்டுத் திரும்பினார். பெரியவரைக் காணோம்.

தோளில் பை கனத்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. "அப்பா! அப்பா!" என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். அப்பா போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அன்றைக்கு உலகத்துக் கிழவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள்.

போலீஸ் கூண்டுக்கு ஓடினார்.

"அவர் பேரைச் சொல்வாரா?"

"அவருக்கே தெரியாதுங்க. சொல்ல மாட்டார்."

"ஊரு?"

"அதுவும் சொல்ல மாட்டாருங்க."

"வேற என்னதான்யா தெரியும் அவருக்கு?"

"ஏணி பிடிக்கத் தெரியும்."

போலீஸ்காரர் முறைத்தார். "நக்கலா?"

சின்னவருக்குக் கண்ணீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். "எங்க இருக்கீங்க? பார்க்கிற நேரம் முடியப்போகுதாம். மாமா நல்லா இருக்காரா?"

"வந்துட்டே இருக்கோம். நல்லா இருக்காரு" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

பிடிப்பதற்கு எதுவெல்லாம் உண்டோ அதையெல்லாம் தேடினார். தூண், கம்பி வேலி, தள்ளுவண்டி. ஓடுகிற பஸ்ஸின் படிக் கம்பியைப் பிடித்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. பின் தெருவில் திரும்பியபோது மூக்கில் தின்னர் வாசம் ஏறியது. பாதி பச்சை அடித்த ஒரு கடைச் சுவர். அதில் சாய்த்த ஏணி. அடியில் வலது காலைக் கீழ்ப்படிக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி அப்பா. வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைச் சொட்டு. "அப்பா!" என்று கத்திக்கொண்டே சின்னவர் ஓடினார்.

"உங்க அப்பாவாண்ணே?" என்றான் மேலே இருந்த பெயிண்டர். "தானா வந்து பிடிச்சாரு. போங்கன்னாலும் போக மாட்டேங்கறாரு. சரி, சும்மா வர்ற ஆளை ஏன் விரட்டணும்னு விட்டுட்டேன்."

சின்னவர் அப்பாவின் தோளைத் தொட்டார். "வாங்கப்பா, போகலாம்."

"மேல ஆள் இருக்கான்ல? அறிவு இருக்காடா உனக்கு?"

அப்பாவிடம் திட்டு வாங்கி எவ்வளவு காலமாகிவிட்டது! சின்னவர் அழுதுகொண்டே அண்ணாந்து பார்த்தார். "தம்பி, உன்னைக் கும்பிடறேன், இறங்கிடுப்பா. பேரன் பொறந்திருக்கான், பார்க்கப் போகணும்."

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு இறங்கினான் அவன். அவன் கால் தரையில் பட்டதும் பெரியவர் கையை எடுத்தார். எடுத்த கையில் சின்னவர் பையைத் திணித்தார்.

ஆஸ்பத்திரி வார்டு காலியாகிக்கொண்டிருந்தது. "தாத்தா, சட்டையில என்ன பச்சை?" என்று மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

பெரியவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ யாரும்மா?"

மகளின் முகம் வாடிவிட்டது. தூக்கி வளர்த்த பேத்தியையே தெரியவில்லை, அவள் பெற்றதைக் காட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு மாதம் முன்னால் பிறந்திருக்கக் கூடாதா என்று சின்னவர் மனசுக்குள் அடித்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. பையை வாங்கிக்கொண்டு, குழந்தையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

"ஐயோ, கீழ போட்டுடப்போறாருங்க!" என்று மனைவி பதறினாள்.

பெரியவரின் வலது கால் தானாக முன்னே வந்து ஊன்றிக்கொண்டது. குழந்தையைக் குனிந்து பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை.

"நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்றாள் நர்ஸ்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மகனைப் பார்த்துச் சொன்னார். "நீ போடா. நான் பிடிச்சிருக்கேன்."

சின்னவர் போகவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவின் முழங்கைக்கு அடியில் தன் கையையும் கொடுத்து நின்றார்.