நல்ல வகைப் புற்றுநோய்

இந்த ஊரில் பார்சல் வந்தாலும் பயாப்ஸி முடிவு வந்தாலும் கைபேசி ஒரே மாதிரிதான் சிணுங்குகிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நம்மூர் மளிகைக் கடை வாசலில் அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்படித்தான் சிணுங்கியது. மகள் ஆர்டர் செய்த காலணி வந்துவிட்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். மருத்துவமனையின் செயலியில் என் கணவர் முரளியின் பயாப்ஸி முடிவு வந்திருந்தது. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நோயாளியின் குடும்பம் படித்துவிடலாம், அது நம் உரிமை என்கிறார்கள். அந்த உரிமையை நான் பார்க்கிங் லாட்டில் நின்றபடி அனுபவித்தேன். ‘கார்சினோமா’ என்ற சொல் புரிந்தது. அதன் கீழே ‘பி-16 பாசிட்டிவ்’ என்றிருந்தது புரியவில்லை. ஆனால் மருத்துவத்தில் பாசிட்டிவ் என்றால் நமக்கு ஆகாத சேதி என்பதைக் கோவிட் காலம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது. பக்கத்துக் காரில் ஏறவிருந்த வெள்ளைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து “ஆர் யூ ஓகே?” என்றாள். “ஐயாம் ஃபைன்” என்றேன். அவள் புன்னகைத்துவிட்டுப் போனாள். இங்கே அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

முரளிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பார்சிப்பனியில் ஒரு மருந்து கம்பெனியில் கணினி வேலை. சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலியில்லை, காய்ச்சல் இல்லை. டான்சிலில் தொடங்கிய நோய் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் முறை மருத்துவமனைக்குப் போனபோது பயிற்சி டாக்டர் ஒருவர் முரளியிடம் பாக்கு போடுவீர்களா, புகையிலை மெல்லுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். சற்று நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து அதையே கேட்டார். இல்லை. பிறகு அந்தப் பயிற்சி டாக்டரே திரும்பி வந்து, “இட்ஸ் காமன் இன் யுவர் கல்ச்சர், நோ ஜட்ஜ்மென்ட்” என்று மறுபடியும் தொடங்கினார். நோ ஜட்ஜ்மென்ட் என்று யாராவது சொன்னால் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று என்று அர்த்தம். முரளி சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. மூன்று முறை கேட்டும் ‘இல்லை’ என்ற சொல் அவர்கள் காதில் ஏறவில்லை. எங்கள் தோலின் நிறம் ஏற்கெனவே ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டிருந்தது.

அந்த அறையில் எனக்கு ஈரோட்டுச் சித்தப்பா ஞாபகம் வந்தார். அவர் உண்மையிலேயே புகையிலை போட்டவர்தான். கன்னத்தின் உட்புறத்தில் புற்று. எங்கள் ஊர் டாக்டர் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களை மட்டும் உள்ளே அழைத்தார். விஷயத்தைச் சொல்லி, அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நாங்கள் வெளியே வந்ததும் சித்தப்பா என்னைப் பார்த்து, “டாக்டர் என்ன சொன்னாரு அம்மிணி?” என்று கேட்டார். பெரியவர்கள் முந்திக்கொண்டு, புண்தான், ஆறிவிடும் என்றார்கள். கடைசிவரை அவருடைய உடம்பைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அமெரிக்காவுக்கு வந்த பிறகு பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இங்கே அந்த அநியாயம் நடக்காது, இங்கே நோய் நோயாளிக்குச் சொந்தம் என்று.

புற்றுநோய் டாக்டர் நடுவயதுப் பெண். உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. நான் பொறுக்க முடியாமல் “ஹவ் லாங்?” என்று கேட்டேன். “அபவுட் செவன் வீக்ஸ்” என்றார். முரளியின் கையைப் பிடித்தேன். ஏழு வாரத்துக்குள் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று மனம் ஓடத் தொடங்கிவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் பதறிப்போய், ஏழு வாரம் என்றது கதிரியக்கச் சிகிச்சைக்கு என்றார். நான் ஆயுளைக் கேட்டேன், அவர் அப்பாயின்ட்மென்ட்டைச் சொன்னார்.

பிறகு நிதானமாக விளக்கினார். பி-16 என்பது ஒரு புரதம். தொண்டைப் புற்றின் செல்களில் அது நிறைந்திருந்தால், எச்.பி.வி. என்ற வைரஸால் வந்த புற்று என்பதற்கான அடையாளம். புகையிலையால் வரும் புற்றைவிட இது கதிரியக்கத்துக்கும் கீமோவுக்கும் நன்றாகக் கட்டுப்படும். புகைப்பழக்கம் இல்லாதவருக்கு இன்னும் நல்லது. ஒரே தொண்டை, ஒரே அளவு கட்டி என்றாலும் இந்த ஒரு குறியைப் பொறுத்துப் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாக மாறும் என்றார். “இஃப் யூ ஹேவ் டு ஹேவ் ஒன், திஸ் இஸ் த ஒன்” என்றார், வந்தே தீர வேண்டுமென்றால் இந்த வகை வரட்டும் என்பதுபோல. சித்தப்பாவுக்கு இந்தச் சோதனை செய்திருந்தால் என்று நான் கேட்டேன். கன்னத்துப் புற்றுக்கு இந்தக் குறி அவ்வளவாக உதவாது, அது வேறு கதை என்றார்.

முரளி ஒன்றே ஒன்று கேட்டார், இது எப்படி வந்தது என்று. மழை எப்படி வந்தது என்று கேட்டதற்குச் சொல்வதுபோல டாக்டர் சொன்னார். தாம்பத்தியத்தில், முத்தத்தில், நெருக்கத்தில் தொற்றும் வைரஸ். கிட்டத்தட்ட எல்லோரையும் வாழ்க்கையில் ஒரு முறையாவது தொட்டுவிட்டுப் போகும். பெரும்பாலோர் உடம்பு அதைத் தானே துடைத்துவிடும், சிலருக்கு மட்டும் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்து இப்படி முளைக்கும். எப்போது, யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. என்னிடமிருந்தே வந்திருக்கலாம்.

முரளி காரை ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையில் திருப்பினார். பிறகு, “உனக்கு ஏதாவது கேக்கணும்னா கேட்டுரு” என்றார். கேட்கத் தோன்றியது என்பது உண்மை. அப்படித் தோன்றவைத்ததற்காகத்தான் இந்த நோயின்மேல் எனக்குக் கோபம் வந்தது. சித்தப்பாவின் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் அவர் நடத்தையைப் பற்றி யோசிக்கவில்லையே. “ட்ரீட்மென்ட் எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்கணும், வேற ஒண்ணும் இல்லைங்க” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார், “யாராவது கேட்டா சிகரெட்டால வந்ததுன்னு சொல்லிடலாம்.”

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிழைக்க வாய்ப்பு அதிகமுள்ள நோய் வந்திருக்கிறது. ஆனால் மானத்துக்கு மற்ற நோய்தான் வசதியாக இருக்கிறது! தொடாத சிகரெட்டைத் தொட்டதாகச் சொல்லத் தயாராகிவிட்டார் ஒரு மனிதர். நாம்தான் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்கிறோம். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெருங்கிய தோழி வித்யா சாம்பார் கொண்டுவந்து கொடுத்தபோது உள்ளதைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, “அது அந்த மாதிரி போறவங்களுக்குத்தானே வரும்?” என்றாள். டாக்டர் சொன்னதை எல்லாம் திருப்பிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு சாம்பார் எவர்சில்வர் பாத்திரத்தில் வரவில்லை, தூக்கிப்போடும் பிளாஸ்டிக் டப்பாவில் வாசலில் இருந்தது. பிறகு அதுவும் நின்றது. எங்கள் தெருவில் இன்னொருவருக்கு இதயத்தில் பைபாஸ் நடந்தபோது, யார் எந்தக் கிழமை சமைப்பது என்று வாட்ஸாப்பில் குழு அமைத்துப் பரிமாறியவர்கள் வித்யாவும் மற்ற தமிழ்க் குடும்பங்களும்தான். இதயம் கௌரவமான உறுப்பு போலிருக்கிறது.

சிகிச்சை நடந்த விதத்தை விரிவாக எழுதப்போவதில்லை. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை முகமூடியை மேசையோடு சேர்த்துப் பூட்டி, அசையாமல் படுக்கவைப்பார்கள். தொண்டை வெந்துபோனது. உமிழ்நீர் வற்றியது. ரசம் மண்ணாக ருசித்தது. என் மகள் பன்னிரண்டு வயதில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் குறுக்கே வந்து, “டாட் டிட்ன்ட் டூ எனிதிங் ராங். ஒய் ஆர் யூ விஸ்பரிங்?” என்றாள். இந்த வைரஸுக்கான தடுப்பூசியை அவளுக்கு ஏற்கெனவே போட்டிருந்தோம். குழந்தை மருத்துவர் சொன்னார், போட்டோம், அவ்வளவுதான். வித்யா தன் மகனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நம் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்பது அவள் வாதம். மகள் வாரக் கடைசியில் போகும் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் பலவற்றிலும் அதே பேச்சுதான். வைரஸ் ஜாதகம் பார்த்துவிட்டா வருகிறது?

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் ஸ்கேன் செய்தார்கள். சுத்தமாக இருந்தது. அந்த வாரமே முரளி தமிழ்ப் பள்ளிக்கு வந்தார். பெற்றோர் காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் அனுதாபத்தோடு, “சிகரெட்டால வந்ததாமே முரளி, விட்டுட்டீங்கல்ல?” என்றார். நான் முரளியைப் பார்த்தேன். யார் கிளப்பிவிட்டதோ, அந்தப் பொய் அவருக்குத் தயாராகக் கிடைத்திருந்தது, தலையை ஆட்டினால் போதும். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

“இல்லைங்க. நான் சிகரெட் பிடிச்சதே இல்ல. எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். அதுக்கு ஊசி இருக்கு. எங்க காலத்துல இல்ல, உங்க பசங்களுக்கு இருக்கு. போட்டுருங்க.”

கதிரியக்கத்தால் கரகரத்துப்போன குரலில் அவ்வளவுதான் சொன்னார். சிலர் கைபேசியைப் பார்த்தார்கள். வித்யா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முரளி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் ஒரு தாய் எனக்கு போன் செய்து, தன் மகனுக்கு ஊசி போட எந்த டாக்டரிடம் கேட்பது என்று விசாரித்தாள். கடைசியில், தான் கேட்டதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். மகனைக் காப்பாற்றுவதைக்கூட ரகசியமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை முரளி ஈரோட்டுக்கு போன் செய்தார். சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவர் அம்மாவிடம் நான்தான் பேசி, அவருக்கு வேலை அதிகம் என்று சமாளித்திருந்தேன். எடுத்ததும் முரளி “அம்மா” என்றார். “யாருங்க பேசறது?” என்றார் என் மாமியார். “நான்தாம்மா, முரளி.” “உன்ற கொரலு ஏன்டா இப்படி ஆயிருச்சு?” கூடத்தில் எல்லோர் முன்னாலும் நோயின் பெயரைச் சொன்ன அதே வாய், “சளிம்மா, இங்க குளிர் ஜாஸ்தி” என்றது. வெளியே நியூ ஜெர்சியில் ஜூன் மாத வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் மாமியார் அங்கிருந்து சுக்குக் கஷாயத்துக்குப் பக்குவம் சொல்லத் தொடங்கினார். முரளி ஜன்னலோரம் வேர்த்தபடி நின்று, “சரிம்மா, சரிம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.