கேரியருக்குப் போன எடை

நியாமாட்டா ஊரில் பதினோரு வருஷமாகச் சைக்கிளில் தண்ணீர் சுமந்தவள் டிரோசெல்லா. ஒரு நடைக்கு நான்கு மஞ்சள் கேன். அவளுக்கு ஆளேற்றி ஓட்ட ஆசை. அதற்குச் சைக்கிள் டாக்சிச் சங்கத்தின் எண் போட்ட சட்டை வேண்டும். மூன்று முறை போய்க் கேட்டாள். தலைவர் ருகெரா மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"பொம்பளைக் காலு இதுக்குத் தாங்காதும்மா."

பதினோரு வருஷம் மேட்டில் தண்ணீர் ஏற்றிய காலைப் பார்த்து அந்த மனுஷர் சொன்னார்! நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நாலாவது முறை அவள் நகரவே இல்லை. அவர் தப்பிக்க வழி தேடி, "சங்கத்துப் பந்தயத்துல ஜெயிச்சுட்டு வா, சட்டை தர்றேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

பந்தயம் வேலைச் சைக்கிள்களுக்கானது. கேரியரைக் கழற்றக் கூடாது. சைக்கிளின் எடை இருபத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. சோளம் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். சந்தை வீதியின் இரு முனையிலும் டிரம் இருக்கும், பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு டிரம்மிலும் ஏறக்குறைய நின்று, திரும்பி, மறுபடி மிதித்து வேகமெடுக்க வேண்டும்.

எங்கள் பக்கம் முள் அதிகம். அதனால் டயருக்குள் பழைய டயர் ஒன்றை வெட்டிச் செருகித்தான் எல்லோரும் ஓட்டுவோம். ஒரு மழைநாளில் டிரோசெல்லா ஊறிப்போன அந்த உள்டயர்களை உருவி, காயட்டும் என்று கேரியரில் கட்டிக்கொண்டு வீடு வந்தாள். அதே சைக்கிள், அதே எடை. ஆனால் நின்று கிளம்பும்போதெல்லாம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது. கேரியரில் இருக்கும் எடையை இழுத்துப் போனால் போதும். சக்கர விளிம்பில் இருப்பதை இழுக்கவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் இரட்டை உழைப்பு. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தொடைதான் சொன்னது.

பந்தயத்திலும் உள்டயர் இல்லாமலே ஓட்டுவதென்று முடிவு செய்தாள். மிச்சம் முள் பயம்தான். பந்தயத்துக்கு முதல் நாள் மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஊரே கூடித் தெருவைப் பெருக்கும் நாள். சந்தை வீதியைக் கேட்டு வாங்கி, குனிந்த தலை நிமிராமல் முள் பொறுக்கினாள்.

"என்னக்கா, தெருவுல பீன்ஸ் கொட்டித் திங்கப் போறியா?" என்றான் போன வருஷம் ஜெயித்த செபாஹிரே.

"நாளைக்கு நீ மண்ணைக் கவ்வுவேல்ல, அது சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

மறுநாள் நேர் ஓட்டத்தில் செபாஹிரே அவளுக்குச் சளைக்கவில்லை. டிரம்மைச் சுற்றித் திரும்பும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினான். கடைசிச் சுற்றில் அவள் ஆறு சைக்கிள் நீளம் முன்னால் வந்து கோட்டைத் தொட்டாள். சந்தைப் பெண்கள் போட்ட சத்தத்தில் காது அடைத்தது.

"இதுல ஏதோ திருட்டு வேலை! மறுபடி நிறுங்க!" என்று செபாஹிரே குதித்தான்.

நிறுத்தார்கள். இருபத்தாறு கிலோ. அவனுடையதைவிட அரைக் கிலோ கூடுதல்.

"அப்ப எப்படிக்கா?"

கேரியரில் கட்டியிருந்த உள்டயர்களை அவள் தட்டிக் காட்டினாள். "நாம சுமக்கிறவங்கடா தம்பி. சுமையைக் கேரியர்ல வைக்கணும். சக்கரத்துக்குள்ளேயா ஒளிச்சு வைப்பாங்க?"

ருகெரா விதிகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். கேரியரில் எதைக் கட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. வேறு வழியின்றி அறுபத்தொன்றாம் எண் சட்டையை நீட்டினார்.

டிரோசெல்லா வீட்டுக்குப் போகவில்லை. வியர்வையோடு சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பேருந்து நிலையம் போய் டாக்சி வரிசையின் கடைசியில் நின்றாள். பெருமையில் அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. முன்னால் நின்றவன் ஆளேற்றிக்கொண்டு கிளம்பினான். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற செபாஹிரே தொண்டையைச் செருமினான்.

"அக்கா, முன்னால நகரு. அடுத்தது உன் முறைதான்."