ஷிம்னாவின் குழந்தை

டாக்டர் சௌதாமினி ஓய்வு பெற்றபோது, பிரிவு உபசார மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பதினோரு வருடம் அவருடைய அறையில் கணினி முன்னால் உட்கார்ந்தவள் நான்தான். எழுதிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்துவிட்டார்கள்.

"சுலேகா, இதெல்லாம் விழாவுல வாசிக்கிற விஷயமா? எத்தனை குழந்தைங்களைக் காப்பாத்தினாங்கன்னு எழுது."

அதற்கு நான் எதற்கு? வருடாந்தர அறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே! நான் எழுதியது இதுதான்.

எங்கள் மலபார்ப் பக்கத்து மாவட்டத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி, தடித்த தாளில் ரத்தப் பொட்டு எடுத்து அனுப்புவார்கள். யாருக்கு என்ன குறை, எந்த ஊரில் அதிகம், குறை தெரிந்த குழந்தையை எத்தனை நாளில் போய்ப் பிடித்தோம் என்று மாவட்டம் முழுவதையும் கவனிப்பது டாக்டரின் வேலை. நோயாளியையே தொடாத டாக்டர் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

"உங்க பேஷண்ட் உங்களைத் தேடி வருவாங்க. என் பேஷண்டுக்கு இன்னும் நடக்கத் தெரியாது" என்பார் இவர்.

வாய் அப்படி. மற்றபடி கறாரான மனுஷி. ஒரு தேதி தவறாகப் பதிந்தால் அன்றைக்கு எனக்கு மோர்க் குழம்பு இறங்காது.

ரத்தத் தாளோடு போகிற படிவத்தை வடிவமைத்ததும் அவர்தான். அம்மா பெயர், எங்கள் பக்கத்தில் விலாசமாகவே இருக்கிற வீட்டுப் பெயர், போன் நம்பர். பரிசோதனை முடிவில் கோளாறு என்றால் சுகாதாரப் பணியாளர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு முறை போயும் குழந்தை இல்லையென்றால் 'விலாசத்தில் இல்லை' என்று எழுதி மூடிவிடலாம். இந்த விதியும் அவர் எழுதியதே. ஆள் பற்றாக்குறையில் வேறு எப்படி எழுதுவது?

வருடம் முடிந்ததும் அப்படி மூடிய தாள்களை அவர் மறுபடி எடுத்துப் பார்ப்பார். யாரும் கேட்காத வேலை. அந்த வருடம் நான்கு தாள். மூன்று குழந்தைகள் வேறு ஊரில் மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தார்கள். நான்காவது, ஷிம்னாவின் குழந்தை. தைராய்டு துளிகூடச் சுரக்கவில்லை என்று தாள் சொன்னது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்காவிட்டால் மூளை வளராது. குழந்தைக்கு அப்போது பதினான்கு மாதம்.

போன் நம்பர் துபாயில் இருக்கும் கணவனுடையது, எப்போதோ மாற்றிவிட்டான். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்குப் பாஸ் கொடுக்கிற பழைய நோட்டைத் தேடி எடுத்தார் டாக்டர். ஷிம்னாவின் அம்மா பெயரும் ஊரும் அதில் இருந்தன. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் முடிந்தால் பெண் பிறந்த வீட்டுக்குத்தான் போவாள், மூன்று மாதத்துக்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. படிவத்திலோ கணவன் வீட்டுப் பெயர். நானும் வருடக்கணக்கில் அதைத்தான் பதிந்துகொண்டிருந்தேன், ஒரு நாளும் உறைக்கவில்லை.

அந்தப் பிறந்த வீட்டைத் தேடிப் போனோம். ஷிம்னா எங்களுக்கு டீ போட்டாள். குழந்தை பாயில் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளி, வயிறு ஊதி, தலை நிற்காமல்.

"ரொம்ப சமத்து மேடம். அழவே மாட்டா. ராத்திரி ஒரு தடவைகூட எழுப்ப மாட்டா. சில குழந்தைங்க மெதுவாத்தான் எல்லாம் செய்யும்னு சொல்றாங்க" என்றாள்.

டாக்டர் டீயைத் தொடவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தோம். அடுத்த வாரம் முடிவோடும் மாத்திரையோடும் மறுபடி போனோம். தாய்ப்பாலில் எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று சொல்லி முடித்ததும் ஷிம்னா கேட்டாள்:

"இதை மொதல்லயே கொடுத்திருந்தா?"

நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் சொல்வேன்.

"சரியாகியிருக்கும். மத்த குழந்தைங்க மாதிரி இருந்திருப்பா. மூணாம் நாள் எடுத்த ரத்தத்துலயே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாங்கதான் உன்கிட்ட வந்து சேரல" என்றார் டாக்டர்.

ஷிம்னா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வயித்துப் பிள்ளையோட ஸ்கூட்டர் ஓட்டினேன். பிள்ளை சரியில்லன்னு கேள்விப்பட்டு, அதான் இப்படியாச்சுன்னு அந்த வீட்டுல சொல்லிட்டாங்க. கூட்டிட்டுப் போகவும் வரல. ஒரு வருஷமா துபாய்ல இருக்கறவரும் சரியாப் பேசறதில்ல. நானும் அப்படித்தான்னு நெனச்சேன்." பிறகு, "இதை அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

அலுவலகத்தில் இதற்கு அனுமதி கிடைக்காது என்று நான் டாக்டர் காதில் சொன்னேன். "ஜீப்புல ஏறு" என்றார். ஷிம்னாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கணவன் வீட்டுக்குப் போனோம்.

மாமியார் ஜானுவம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பணியாளர் இரண்டு முறை இந்த வீட்டுக்கு வந்ததையும் சொன்னார். ஜானுவம்மாவின் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வந்தா டாக்டரே. பிள்ளை எங்கேன்னு கேட்டா. பெத்த கையோட என் கண்ணுலகூடக் காட்டாம அவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு எனக்கு ஆத்திரம். இங்க பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தடவையும். அதனாலயா?"

டாக்டருக்குத் தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்காது. அவர் மறுத்துத் தலையசைத்தார்.

"இல்லம்மா. நீங்க கோபத்துல சொன்ன ஒரு வார்த்தையில நின்னுபோற மாதிரி நான் இதை ஏற்பாடு பண்ணியிருக்கக்கூடாது. ரத்தம் எடுத்தப்ப பெத்தவ பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருந்தா. நீ எங்கம்மா போகப்போறேன்னு அவளை ஒரு வார்த்தை கேட்க அந்தப் படிவத்துல இடம் வைக்கல. அது என் தப்பு."

இதையே பிற்பாடு அறிக்கையிலும் எழுதினார். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதவி உயர்வு நின்றது. படிவத்தில் ஒரு வரி கூடியது. மலரில் வேண்டாம் என்றது இதைத்தான்.

ஜானுவம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பேத்தியை அவர் அன்றுதான் முதலில் பார்க்கிறார்.

"பேரு என்ன மோளே?" என்று மருமகளிடம் கேட்டார்.

"நிவேத்யா. நிவின்னு கூப்பிடுவோம்" என்று சொல்லி ஷிம்னா குழந்தையை நீட்டினாள்.

ஜானுவம்மா மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். குழந்தை மீன் சட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேராகக் குனிந்து மறுபடி கூப்பிட்டார்.

"காது கேக்காதா இவளுக்கு?"

டாக்டர் வாய் திறப்பதற்குள் ஷிம்னாவே சொன்னாள். "கேக்கும் அம்மே. திரும்ப நேரமாகும். கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

டாக்டரும் நானும் ஜீப்பில் ஏறினோம். வண்டி கிளம்பும்போதும் ஜானுவம்மா கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.