பன்னிரண்டு சுற்றுக் கேபிள்

எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் பொய் சொல்கிறார். மொட்டைமாடியில் என் ஆன்டெனா கேபிளைப் பிரித்துப் போட்டவர் அவர்தான்.

ரெட்டியார்பாளையத்தில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்ததும், பொழுதுபோக்காக வானலையில் தூரத்து ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்காக மாடியில் ஆன்டெனா கட்டினேன். உரிமம் இருக்கிறது, சங்கத்தின் அனுமதியும் வாங்கினேன். ஆனால் முதல் தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை. கேபிளை அப்படியே கொண்டுபோய் ஆன்டெனாவில் இணைத்துவிட்டேன். மைக்கில் பேசினால் அலை வானத்துக்கு மட்டும் போகவில்லை. கொஞ்சம் கேபிளின் வெளிப்பின்னல் வழியாகக் கட்டடத்துக்குள்ளேயே திரும்பி இறங்கியது. சாயங்காலம் விளக்கேற்றிப் பாட்டுப் போட்ட கீழ்வீட்டு அம்மா ஐந்தே நிமிடத்தில் என் கதவைத் தட்டினார்.

“என்னா சார், முருகர் பாட்டு நடுவுல வாத்து கத்துது!”

“அது நான்தாம்மா.”

“நீங்களா? நேர்ல இவ்ளோ மோசமா இல்லியே சார்.”

மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டில் கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றி, ஆன்டெனாவுக்குக் கீழே கட்டினேன். ரேடியோக்காரர்கள் ‘சோக் பாலன்’ என்று சொல்லும் தடுப்புச் சுருள் இவ்வளவுதான். திரும்பி வரும் அலையை அது மறிக்கும். வாத்து நின்றது. ஒரு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் செயலாளர் மாடியைச் சுத்தம் செய்யக் கிளம்பினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயை உருவி, சுருளை இழுத்து நீட்டி, கைப்பிடிச்சுவர் ஓரமாகக் கிளிப் அடித்துவிட்டார். அன்று சாயங்காலமே பாட்டில் வாத்து கத்தியது. மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் சார் பிரிச்சீங்க?”

“சுருட்டி வச்சா சூடாவும் தம்பி. தட்டாஞ்சாவடில முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்னவன் நானு. எத்தினி காயில் எரிஞ்சி பாத்துருக்கேன்! உனக்கு நல்லதுதான் பண்ணேன்.”

மோட்டார் வேறு, ஆன்டெனா வேறு என்று சொன்னேன். “எனக்கே பாடமா?” என்று கதவைச் சாத்தினார். அதோடு விட்டிருந்தால் நானே மறுபடி சுற்றியிருப்பேன், அரைமணி நேர வேலை. ஆனால் மனுஷன் மாடிக்குப் பூட்டுப் போட்டார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், “ஒயரை யாரும் தொடவில்லை, கருவியே கோளாறு, ஞாயிறு கூட்டத்தில் ஆன்டெனாவை இறக்கத் தீர்மானம்” என்று எழுதினார். கீழே பதினோரு கட்டைவிரல்கள். ஒருத்தர்கூடச் சாவி கேட்டு மாடியேறிப் பார்க்கவில்லை.

தெரியாமல் செய்தது தப்பில்லை. நானும் தெரியாமல் செய்தவன்தான். ஆனால் நான் ஒப்புக்கொண்டேன். இவர் தன் தப்பை என் தலையில் கட்டி, என் ஆன்டெனாவையே பிடுங்கப் பார்க்கிறார். அது இறங்கினால் என் ரேடியோ வெறும் பெட்டி.

செயலாளர் சார், ஞாயிற்றுக்கிழமை கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் எல்லோர் எதிரிலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: அந்தக் கேபிளைப் பிரித்தது யார்?