படலைச் சத்தம்

ஒரு பெண்ணின் நெற்றிப் பொட்டை நான் அழித்தேன். அதற்கு அவரைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஒரு போத்தலை மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து, வன்னிக் காட்டை ஒட்டிய துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசிரியனாகப் போனேன். விஞ்ஞானம் படித்தவன் என்ற திமிர் என் சைக்கிளுக்கு முன்னால் போகும். பக்கத்து வளவில் தனியே இருந்த ஓர் அக்காதான் எனக்குச் சோறு தந்தார். அவருடைய கணவர் தேன் எடுக்கக் காட்டுக்குப் போய் ஏழு வருடமாகத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, செத்தவீடும் நடக்கவில்லை. அக்கா பொட்டை எடுக்கவில்லை.

அவரிடம் ஒரு மருந்து இருந்தது. பாலைப்பூத் தேன், பனங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுத்த வினாகிரி, துளசி, வல்லாரை. வெள்ளிக்கிழமை பொழுதுபட விளக்கேற்றி, ஒரு கரண்டி குடித்துவிட்டு, விளக்கு அணையும்வரை பேசாமல் இருப்பார். காட்டுக்குப் போய் வராதவர்களின் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம்; குடித்தால், போனவர் வேலிப் படலையைத் திறந்து வரும் சத்தம் கேட்குமாம்.

"என்னக்கா, இண்டைக்கும் அத்தார் வந்தவரோ?" என்று சாப்பிடும்போது சீண்டுவேன்.

"வந்தவர் தம்பி. படலை உரஞ்சினது. ரெண்டு தரம் செருமினவர். உங்கட காது புத்தகம் வாசிக்கத்தான் லாயக்கு."

ஒருநாள் அவர் கிணற்றடியில் நின்றபோது மருந்துப் போத்தலை எடுத்து ஒளித்துவிட்டு, சீனிப்பாணியும் கடை வினாகிரியும் கலந்த போத்தலொன்றை அதே இடத்தில் வைத்தேன். மூன்று வெள்ளி கழிந்தது. மூன்றிலும் அத்தார் வந்ததாகவே அக்கா சொன்னார். நான்காம் வாரம், வென்றவன் போல உண்மையான போத்தலைக் குசினியில் வைத்துச் சொன்னேன்:

"மூண்டு கிழமையாய் நீங்கள் குடிச்சது சீனிப்பாணி. அப்ப வந்தது ஆர்?"

அகப்பை அவர் கையிலேயே நின்றது. "அப்ப, ஒரு நாளும் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு எனக்குக் குழம்பு விட்டார்.

மறுநாள் அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. மருந்து முழுவதும் வேலியடியில் ஊற்றப்பட்டிருந்தது, எறும்பு மொய்த்தபடி. அதன் பிறகும் அவர் எனக்குச் சோறு போட்டார். நான்தான் தலை குனிந்து தின்றேன்.

வைகாசியில் தேன் எடுப்பவர்களோடு நானும் காட்டுக்குப் போனேன். காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஐயனாருக்குக் கொப்பு முறித்துக் கட்டும் மரத்தில், முன்பு அதைக் கேலி செய்த நானும் ஒரு கொப்பு கட்டினேன். தேனீ கொட்டி ஒரு கண் மூடிப்போனது. வினாகிரி தேடி, இலை பறித்து, அக்காவிடம் கேட்டுக் கேட்டு மருந்தைச் செய்தேன்.

"நீங்கள் பட்ட பாட்டுக்காகக் குடிக்கிறன்," என்றார். தனக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி. விளக்கின் முன் இருந்தோம்.

திரி கருகத் தொடங்கும் நேரம், படலை நிலத்தில் உரஞ்சியது. ஒரு செருமல். சிறிது பொறுத்து இன்னொன்று. எழுந்து ஓடிப் பார்த்தேன். படலை கட்டியபடி இருந்தது. ஒழுங்கையில் ஒருவருமில்லை.

திரும்பி வந்தபோது அக்கா அசையாமல் இருந்தார்.

"அக்கா, கேட்டதோ?"

"என்னது?"

"படலை. ரெண்டு தரம் செருமல். என்ரை காதாலை கேட்டனான்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. "தம்பி, இதுவும் சீனிப்பாணியோ?" என்றார்.

சத்தியம் செய்தேன். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பொட்டு பிறகு வரவேயில்லை. அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது.

இப்போது என் வீட்டுக் கேற் இரும்பு. ஆனாலும் வெள்ளிக்கிழமை பொழுதுபட மரப்படலை உரஞ்சுகிறது. மருந்து தொட்டு எத்தனையோ வருடமாயிற்று. நான் எழுந்து போய்க் கேற்றைத் திறக்கிறேன். வீடு மாறி வந்துவிட்டீர்கள் அத்தார் என்று சொல்ல நினைத்து, ஒவ்வொரு முறையும், சொல்லாமல் நிற்கிறேன்.