சுவருக்கு அந்தப் பக்கம்

தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில் பிள்ளைகளையே நாடகம் எழுதச் சொன்னார்கள். நான் எங்கள் வீட்டை எழுதினேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அம்மா எதைச் சொன்னாலும் பக்கத்து வீட்டு அத்தை அங்கிருந்தே பதில் சொல்வார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அதனால் மேடைக்கு வராமல் குறுக்கே பேசும் ஒரு குரலையும் நாடகத்தில் வைத்தேன்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. நாலாம் நாள் அம்மா அடுப்படியில் நின்று சத்தமாகச் சொன்னார்: "கொழம்புல உப்பு கூடிப்போச்சு."

அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"கெழங்க வெட்டிப் போடுங்க மதினி. இதையும் ஒங்க மக எழுதட்டும்."

அம்மா கிழங்கை வெட்டிப் போட்டார். குழம்பில் உப்பு அளவாகத்தான் இருந்தது.